திரும்பும் வழி

நுழையும்முன்

வளரிளம் பருவம், வீட்டின் வாயிலைக் கடந்து உலகை நோக்கி அடியெடுத்து வைக்கும் பருவம். அப்பயணத்தில் கால் இடறுவோர் பலர். அவர்களுள் பெரும்பாலோர் தாமே நிமிர்ந்து நேர்வழிக்குத் திரும்பிவிடுகின்றனர். சிலர் மட்டும் திரும்ப இயலாமல் நின்றுவிடுகின்றனர். அவ்வாறு நின்றுவிடுவதில் போதைப்பொருளுக்கு உள்ள பங்கையும் அவர்களுக்குத் திரும்பும் வழியைத் திறந்து வைப்பதில் குடும்பம், பள்ளி, சட்டம் ஆகியவற்றிற்கு உள்ள பொறுப்பையும் இப்பாடம் ஆராய்கிறது.

முந்துவது எது?

போதைப்பழக்கமும் சிறார் நெறிபிறழ்வும் ஒன்றாகக் காணப்படுவது உலகெங்கும் நோக்கப்பட்ட உண்மை. புகையிலை, மது, கஞ்சா, கரைப்பான்களின் ஆவி முதலியவற்றைப் பயன்படுத்தும் சிறாரிடையே பள்ளிக்கு வாராமை, அடிதடி, சிறுதிருட்டு போன்ற நடத்தைகள் மிகுந்து காணப்படுகின்றன. இதனைக் கண்டவுடன், ‘போதையே குற்றத்திற்குக் காரணம்’ என முடிவு கட்டிவிடுவது எளிது. ஆனால், இரண்டு நிகழ்வுகள் சேர்ந்து காணப்படுவதனாலேயே ஒன்று மற்றொன்றைத் தோற்றுவித்தது என்று கொள்ளல் ஆகாது. எது முன், எது பின், இரண்டிற்கும் வேர் ஒன்றா எனப் பகுத்துப் பார்த்தல் வேண்டும்.

அமெரிக்க ஆய்வாளர் பால் கோல்ட்ஸ்டீன், போதைப்பொருள் வன்செயலுக்கு இட்டுச்செல்லும் வழிகளை 1985-ஆம் ஆண்டில் மூன்றாக வகுத்துக் காட்டினார். முதலாவது, பொருளின் நேரடி விளைவு. மது முதலியவை அச்சத்தையும் தயக்கத்தையும் தளர்த்துகின்றன. தெளிந்த நிலையில் ஒருவர் செய்யத் துணியாத செயலை மயங்கிய நிலையில் செய்துவிடுகிறார். இரண்டாவது, பொருள்முடை. பழக்கம் அடிமைத்தனமாக முதிரும்போது அதற்குப் பணம் தேவைப்படுகிறது. வருவாய் இல்லாதவர் திருட்டையோ பறிப்பையோ நாடுகிறார். மூன்றாவது, கள்ளச்சந்தையின் இயல்பு. சட்டத்திற்குப் புறம்பான வணிகத்தில் கடன் தகராற்றையோ எல்லைத் தகராற்றையோ நீதிமன்றத்திற்குக் கொண்டுசெல்ல இயலாது. ஆதலால் அச்சுறுத்தலும் வன்முறையுமே அங்குத் தீர்ப்பு வழங்குகின்றன.

இம்மூன்றும் போதை முந்தியது, குற்றம் பிந்தியது என்னும் வரிசையில் அமைந்தவை. இவ்வரிசை தலைகீழாக அமைவதும் உண்டு. பள்ளியிலிருந்து விலகி, விதிகளை மீறும் கூட்டத்தில் இடம்பெற்ற சிறுவன் ஒருவன், அக்கூட்டத்தின் வழக்கங்களுள் ஒன்றாகவே புகையையும் மதுவையும் ஏற்றுக்கொள்கிறான். இங்கு நெறிபிறழ்வே முந்தியது.

மூன்றாவது விளக்கமும் ஒன்று உண்டு. ரிச்சர்டு ஜெஸ்ஸர், ஷர்லி ஜெஸ்ஸர் என்னும் அமெரிக்க உளவியல் அறிஞர்கள் இளையோரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்து 1977-ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டனர். இளையோரின் சிக்கலான நடத்தைகள் தனித்தனியே தோன்றுவன அல்ல. அவை கொத்தாகத் தோன்றுகின்றன என்பது அவர்கள் கண்ட உண்மை. வீட்டில் கண்காணிப்பும் அரவணைப்பும் குன்றுதல், படிப்பில் பற்றின்மை, தவற்றை மெச்சும் தோழர் கூட்டம் ஆகிய நிலத்திலிருந்தே போதைப்பழக்கம், நெறிபிறழ்வு என்னும் இரு செடிகளும் முளைக்கின்றன. ஒரு செடியை மட்டும் வெட்டினால் மற்றொன்று மறைந்துவிடுவதில்லை. நிலத்தைப் பண்படுத்துதல் வேண்டும்.

பருவத்தின் இயல்பு

விதிகளை மீறிப் பார்க்கும் விழைவு வளரிளம் பருவத்திற்குப் புதியது அன்று. பெல்ஜிய நாட்டுப் புள்ளியியல் அறிஞர் அடால்ஃப் கெட்லே, பிரான்சு நாட்டின் நீதிமன்றப் பதிவுகளை ஆராய்ந்து, குற்றச்செயலில் ஈடுபடும் போக்கு வயதைச் சார்ந்து இளமையில் உயர்ந்து பின்னர்ப் படிப்படியாகத் தாழ்கிறது என்பதை 1831-ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினார். பின்வந்த ஆய்வுகள் பலவும் இதனை உறுதிசெய்துள்ளன.

இதற்கு மூளை வளர்ச்சியும் ஒரு காரணம். இன்பத்தையும் வெகுமதியையும் நாடத் தூண்டும் மூளைப்பகுதிகள் வளரிளம் பருவத்தின் தொடக்கத்திலேயே விழிப்புக் கொள்கின்றன. விளைவை எண்ணிப் பார்த்தல், அவாவை அடக்குதல், திட்டமிடுதல் ஆகிய பணிகளை ஆற்றும் நெற்றிப்புற மூளையோ ஏறத்தாழ இருபத்தைந்து வயதுவரை முதிர்ந்துகொண்டே இருக்கிறது. விரைவுக் கருவி முன்னரே பொருத்தப்பட்டு, தடைக்கட்டை பின்னர்ப் பொருத்தப்படும் வண்டியைப் போன்றது இந்நிலை. போதைப்பொருள்கள் மூளையில் டோபமைன் என்னும் வேதிப்பொருளின் சுரப்பை மிகுவித்து, இன்ப நாட்டத்தை மேலும் தூண்டுகின்றன. வளர்ந்துகொண்டிருக்கும் மூளை எதனையும் விரைவில் கற்றுக்கொள்வது. அத்திறமே போதைப்பழக்கத்தையும் அதற்கு விரைவில் கற்பித்துவிடுகிறது. வளர்ந்தோரினும் சிறார் எளிதில் அடிமைப்படுவதற்கு இதுவே காரணம்.

தோழமையின் வலிமையும் இப்பருவத்தில் மிகுதி. அமெரிக்காவில் மார்கோ கார்ட்னர், லாரன்சு ஸ்டைன்பெர்க் ஆகியோர் 2005-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்று இதனைத் தெளிவாக்குகிறது. கணினித் திரையில் மகிழுந்து ஓட்டும் விளையாட்டில் வளரிளம் பருவத்தினர், இளைஞர், வளர்ந்தோர் என முத்திறத்தார் பங்கேற்றனர். தனியே விளையாடியபோது அவர்கள் துணிந்த இடர்களில் பெரிய வேறுபாடு இல்லை. நண்பர்கள் உடனிருந்தபோது வளரிளம் பருவத்தினர் துணிந்த இடர் மிகவும் கூடியது. வளர்ந்தோரிடம் அத்தகைய மாற்றம் காணப்படவில்லை. நண்பர்கள் வற்புறுத்தவும் வேண்டுவதில்லை. அவர்கள் பார்த்துக்கொண்டிருத்தலே போதுமானதாகிறது.

திருவள்ளுவரின் அதிகார வைப்பு இங்கு எண்ணத்தக்கது. நட்பு, நட்பாராய்தல், பழைமை, தீ நட்பு, கூடா நட்பு என ஐந்து அதிகாரங்களில் நட்பின் இயல்பை ஆராய்ந்த பின்னரே அவர் கள்ளுண்ணாமையைக் கூறுகிறார். அதனை அடுத்துச் சூது இடம்பெறுகிறது.

மீட்சியைத் தடுக்கும் கண்ணி

நியூசிலாந்து நாட்டின் டனீடின் நகரில் 1972 ஏப்ரல் முதல் 1973 மார்ச் வரை பிறந்த குழந்தைகளுள் 1037 பேரை ஆய்வாளர்கள் மூன்றாம் வயது முதல் தொடர்ந்து ஆராய்ந்து வருகின்றனர். குழந்தைகளாக ஆய்வுக்குள் வந்தவர்கள் இன்று ஐம்பது வயதைக் கடந்தவர்கள். இவர்களின் வளர்ச்சியை ஆராய்ந்தவர்களுள் ஒருவரான டெரி மாஃபிட், நெறிபிறழ்வில் இருவகை உண்டென 1993-ஆம் ஆண்டில் விளக்கினார். மிகச் சிலரிடம் அது குழந்தைப் பருவத்திலேயே தோன்றி நெடுங்காலம் தொடர்கிறது. மிகப் பலரிடம் அது வளரிளம் பருவத்தில் தோன்றி, அப்பருவத்தோடு விடைபெற்றுவிடுகிறது. கல்வி, பணி, குடும்பம் முதலிய பொறுப்புகள் வந்து சேரும்போது பழைய குறும்புகள் தாமே உதிர்ந்துவிடுகின்றன.

அங்ஙனமாயின், உதிர வேண்டிய நடத்தை சிலரிடம் உதிராமல் நிலைத்துவிடுவது ஏன்? டனீடின் ஆய்வில் பங்கேற்ற ஆண்களின் தரவுகளைக் கொண்டு 2004-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு இவ்வினாவிற்கு விடை தேடியது. போதைப்பொருளைத் தவறாகப் பயன்படுத்திய இளைஞர்களிடம் நெறிபிறழ் நடத்தை எதிர்பார்த்தவாறு குறையவில்லை; மீட்சி தடைப்பட்டது என்பது அதன் முடிவு. ஆய்வாளர்கள் இதனைக் ‘கண்ணி’ என்னும் உருவகத்தால் குறித்தனர். பறவை கண்ணியில் அகப்பட்டது தானியத்தை நாடி வந்ததனால்தான். ஆனால், வயிறு நிரம்பிய பின்னரும் அதனால் பறக்க இயலுவதில்லை.

போதைப்பொருளுக்கும் நெறிபிறழ்வுக்கும் உள்ள உறவின் மையம் இதுவே. போதை எல்லாச் சிறாரையும் குற்றவாளியாக்குவதில்லை. ஆனால், தவறிய சிறார் திரும்பி வருவதற்குரிய கதவுகளை அஃது ஒவ்வொன்றாகச் சாத்துகிறது. படிப்பு தடைப்படுகிறது, உடல்நலம் குன்றுகிறது, வேலைவாய்ப்பு நழுவுகிறது, குடும்பத்தின் நம்பிக்கை தேய்கிறது. மீட்சிக்கு எவை ஏணியாகுமோ அவற்றின் படிகளே உடைந்துபோகின்றன.

> தெரியுமா?
> இந்திய அரசின் சமூகநீதி மற்றும் அதிகாரமளித்தல் அமைச்சகத்திற்காக, தில்லி அனைத்திந்திய மருத்துவ அறிவியல் கழகம் நடத்திய தேசிய அளவிலான ஆய்வின் அறிக்கை 2019-ஆம் ஆண்டில் வெளியானது. வளர்ந்தோரைவிடச் சிறாரிடையே பயன்பாட்டு விழுக்காடு மிகுந்து காணப்பட்ட ஒரே வகை, ஆவியாகும் கரைப்பான்களை முகர்தல் என அது தெரிவித்தது. ஒட்டுபசை, வண்ணக்கரைப்பான் போன்றவை சாதாரணக் கடைகளிலேயே குறைந்த விலையில் கிடைப்பது இதற்கொரு காரணம். முதன்முறை முகர்வதுகூட இதயத்துடிப்பைச் சீர்குலைத்து உயிரைப் பறிக்கக்கூடும்.

பொட்டலம் சுமக்கும் சிறுவன்

பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவனை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். தந்தை வேலையிழந்த வீடு. இரவில் ஓயாத சண்டை. அவன் மாலைப்பொழுதைத் தெருமுனையில் கழிக்கத் தொடங்குகிறான். அங்கு வரும் இளைஞர் ஒருவர் அவனைப் பெயர் சொல்லி அழைக்கிறார். தேநீர் வாங்கித் தருகிறார். சில நாள் கழித்து வேறொன்றையும் தருகிறார். முதலில் விலையில்லை. பின்னர்க் கணக்கு எழுதப்படுகிறது. கடன் ஏறுகிறது. காலையில் எழ இயலாமையால் பள்ளிக்குச் செல்வது குறைகிறது. ஒருநாள் அந்த இளைஞர், “பணத்தை நீ தர வேண்டாம், இந்தப் பொட்டலத்தைப் பேருந்து நிலையத்தில் நிற்பவரிடம் கொடுத்துவிட்டு வந்தால் போதும்” என்கிறார்.

பொட்டலத்தைப் பெற்றுக்கொண்ட நொடியில் அச்சிறுவன் சட்டத்தின் பார்வையில் குற்றச்சாட்டுக்கு உரியவனாகிறான். ஆயினும், அதே சட்டத்தின் பார்வையில் அவன் ஏய்க்கப்பட்டவனும் ஆவான். சிறுவர்மீது எவரும் எளிதில் ஐயம் கொள்வதில்லை. சிக்கினாலும் அவர்களுக்குக் கிடைக்கும் தண்டனை குறைவு என்பதனாலேயே கள்ளவணிகர்கள் அவர்களைக் கேடயமாக்கிக்கொள்கின்றனர்.

இதனைக் கருதியே ஐக்கிய நாடுகள் அவை 1989-ஆம் ஆண்டில் ஏற்ற குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 33-ஆம் உறுப்பு, போதைப்பொருள் பயன்பாட்டிலிருந்து மட்டுமன்றி, அவற்றின் உற்பத்தியிலும் கடத்தலிலும் ஈடுபடுத்தப்படுவதிலிருந்தும் குழந்தைகளைக் காக்க வேண்டும் என வலியுறுத்துகிறது. இந்தியா 1992-ஆம் ஆண்டில் இவ்வுடன்படிக்கையை ஏற்றது. நம் நாட்டின் இளைஞர் நீதி (குழந்தைகள் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டம், 2015 இதற்கு வலிமை சேர்க்கிறது. குழந்தைக்கு மது, புகையிலை, போதைப்பொருள் ஆகியவற்றைக் கொடுப்பவருக்கு அதன் 77-ஆம் பிரிவும், மதுவையோ போதைப்பொருளையோ விற்கவோ சுமக்கவோ கடத்தவோ குழந்தையைப் பயன்படுத்துபவருக்கு 78-ஆம் பிரிவும் ஏழு ஆண்டுகள் வரை கடுங்காவல் தண்டனையும் ஒரு லட்சம் ரூபாய் வரை தண்டமும் விதிக்க வழிசெய்கின்றன. பதினெட்டு வயது நிரம்பாதவருக்குப் புகையிலைப் பொருள்களை விற்பதும் கல்வி நிறுவனத்திலிருந்து நூறு கெச தொலைவுக்குள் அவற்றை விற்பதும் 2003-ஆம் ஆண்டின் புகையிலைப் பொருள்கள் சட்டத்தால் தடுக்கப்பட்டுள்ளன.

சட்டம் திறந்து வைத்த வாயில்

சட்டம் என்றதும் தண்டனையே பலருக்கும் நினைவுக்கு வருகிறது. சிறாரைப் பொறுத்தவரை நம் சட்டத்தின் நோக்கம் வேறு. குற்றச்சாட்டுக்கு உள்ளான சிறாரைக் காவல்நிலையச் சிறையில் அடைத்தல் ஆகாது. அவர்களை இருபத்துநான்கு மணி நேரத்திற்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின்முன் நிறுத்துதல் வேண்டும். நடுவர் ஒருவரும் சமூகப் பணியாளர் இருவரும் கொண்டது அக்குழுமம்; அப்பணியாளருள் ஒருவரேனும் பெண்ணாக இருத்தல் வேண்டும். அறிவுரை, குழு ஆற்றுப்படுத்தல், சமூகச் சேவை, நன்னடத்தைக் கண்காணிப்பு முதலிய ஆணைகளைக் குழுமம் பிறப்பிக்கலாம். பள்ளிக்குத் தவறாமல் செல்லுதல், போதை மீட்பு சிகிச்சை பெறுதல் ஆகியவற்றையும் அது சேர்த்துப் பணிக்கலாம். சிறாரின் பெயரையோ ஒளிப்படத்தையோ பள்ளியையோ ஊடகங்கள் வெளியிடுவதும் தடைசெய்யப்பட்டுள்ளது.

பதினாறு வயதைக் கடந்தோர் மிகக் கொடிய குற்றங்களைச் செய்ததாகக் கூறப்படும்போது மட்டும் நடைமுறை மாறுபடக்கூடும். பிறவற்றில், புதிய வாழ்வைத் தொடங்குதல் என்னும் நெறியே சட்டத்தின் அடிப்படைக் கொள்கைகளுள் ஒன்றாக எழுதப்பட்டுள்ளது.

போதைப்பொருளுக்கு அடிமையானவர்பால் சட்டம் காட்டும் பரிவிற்கு வேறொரு சான்றும் உண்டு. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள்கள் மற்றும் உளவெறியூட்டும் பொருள்கள் சட்டத்தின் 64-அ பிரிவின்படி, பயன்பாட்டிற்காகவோ சிறிதளவு பொருளுக்காகவோ குற்றம் சாட்டப்பட்ட அடிமை நிலையினர், தாமே முன்வந்து ஏற்பளிக்கப்பட்ட மருத்துவமனையில் சிகிச்சை பெற்றால், வழக்கு நடவடிக்கையிலிருந்து விலக்குப் பெறலாம். சிகிச்சையை முழுமையாக முடிக்கத் தவறினால் அவ்விலக்கு திரும்பப் பெறப்படக்கூடும். அடிமைநிலை ஒரு நோய்; அதற்கு மருந்தும் மருத்துவரும் உண்டு என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டிருக்கிறது.

> தெரிந்து தெளிவோம்
> 1986-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் ‘நெறிபிறழ்ந்த இளஞ்சிறார்’ எனக் குறித்தது. 2000-ஆம் ஆண்டின் சட்டம் அச்சொல்லைக் கைவிட்டு, ‘சட்டத்திற்கு முரண்பட்ட இளஞ்சிறார்’ என்றது. 2015-ஆம் ஆண்டின் சட்டம் ‘சட்டத்திற்கு முரண்பட்ட குழந்தை’ என்றது. முதற்சொல் ஆளைச் சுட்டியது; பின்வந்தவை அவர் நிற்கும் நிலையைச் சுட்டின. நிலை மாறக்கூடியது.

ஒரு நாடு காட்டிய வழி

ஐஸ்லாந்து நாட்டில் 1990-களில் வார இறுதி இரவுகளில் தலைநகர் ரெய்க்யவிக்கின் தெருக்களில் மது அருந்திய சிறார் கூட்டங்கூட்டமாகத் திரிந்தனர். 1998-ஆம் ஆண்டில் 15, 16 வயதினருள் 42 விழுக்காட்டினர், முந்தைய ஒரு மாதத்திற்குள் மதுமயக்கத்திற்கு ஆளானதாகத் தெரிவித்தனர். 2016-ஆம் ஆண்டில் அவ்விழுக்காடு 5 ஆகக் குறைந்தது. நாள்தோறும் புகைப்போர் 23 விழுக்காட்டிலிருந்து 3 விழுக்காடாகவும், கஞ்சாவைப் பயன்படுத்தியோர் 17 விழுக்காட்டிலிருந்து 7 விழுக்காடாகவும் குறைந்தனர்.

அந்நாட்டார் அச்சுறுத்தும் சொற்பொழிவுகளை மட்டும் நம்பவில்லை. மாணவரிடம் தொடர்ந்து ஆய்வு நடத்தி, எச்சிறார் பழக்கத்திற்கு ஆளாகவில்லை என்பதைக் கண்டறிந்தனர். பெற்றோருடன் கூடுதல் நேரம் செலவிடுவோர், பள்ளியில் தமக்கு அக்கறை காட்டுவோர் உண்டெனக் கருதுவோர், விளையாட்டு, இசை முதலியவற்றில் ஒழுங்காகப் பங்கேற்போர், இரவில் வெளியே திரியாதோர் ஆகியோரே அவர்கள். அதற்கேற்ப விளையாட்டு, கலைப் பயிற்சிகளுக்கு அரசின் நிதியுதவி பெருகியது. பெற்றோர் தம்முள் உடன்பாடு செய்துகொண்டனர். 13 முதல் 16 வயதுவரை உள்ளோர் குளிர்காலத்தில் இரவு பத்து மணிக்குப் பின் துணையின்றி வெளியே இருத்தல் தடுக்கப்பட்டது. மது வாங்கும் வயது இருபது என நிறுத்தப்பட்டது. செடியை வெட்டுவதினும் நிலத்தைப் பண்படுத்துவது பயன்தரும் என்பதற்கு இஃது ஒரு சான்று.

வகுப்பறையின் பங்கு

மேலே கண்ட பதினைந்து வயதுச் சிறுவன் ஏதோ ஒரு வகுப்பறையில் ஓர் இருக்கைக்கு உரியவன். அவன் வாராத நாள்களை வருகைப் பதிவேடு கணக்கிடுகிறது. அவன் ஏன் வரவில்லை என்பதை முதலில் அறிபவர் பெரும்பாலும் ஆசிரியரோ பெற்றோரோ அல்லர். அருகில் அமர்ந்திருக்கும் மாணவரே. அம்மாணவருக்கு முன் ஒரு தயக்கம் நிற்கிறது. சொன்னால் நண்பனைக் காட்டிக்கொடுத்ததாகும். சொல்லாவிட்டால் நட்பைக் காத்ததாகும் என மனம் எண்ணுகிறது.

இத்தயக்கத்தில் நேர்மை உண்டு. ஆனால், தெளிவு இல்லை. நண்பரைத் தண்டனைக்கு ஆளாக்கும் நோக்கில் கூறுவது வேறு; அவரைக் காக்கக்கூடிய ஒருவரிடம் கூறுவது வேறு. காய்ச்சலுற்ற நண்பரை மருத்துவரிடம் அழைத்துச் செல்வதை எவரும் காட்டிக்கொடுத்தல் என்பதில்லை. நம்பிக்கைக்குரிய ஆசிரியரிடமோ பெற்றோரிடமோ ஆற்றுப்படுத்துநரிடமோ உரிய காலத்தில் உரைக்கப்படும் ஒரு சொல், கடன் ஏறும்முன், பொட்டலம் கைமாறும்முன், நண்பரைக் கண்ணியிலிருந்து விடுவிக்கக்கூடும்.

பள்ளிக்கும் கடமை உண்டு. தவறிய மாணவரை உடனே நீக்கிவிடும் பள்ளி, தன் வளாகத்தைத் தூய்மைப்படுத்திக்கொண்டதாக எண்ணலாம். ஆனால், நீக்கப்பட்ட மாணவர் செல்லும் இடம் அந்தத் தெருமுனைதான். அங்கு அவரைப் பெயர் சொல்லி அழைக்க ஆள் காத்திருக்கிறார். பள்ளியும் அவரைப் பெயர் சொல்லி அழைக்குமாயின், அவர் திரும்பி வருவதற்கு ஓரிடம் இருக்கும்.

> உதவிக்கு
> குழந்தைகளுக்கான உதவி எண்: 1098
> போதை மீட்புக்கான தேசிய உதவி எண்: 14446

கற்பவை கற்றபின்

1. ‘பொட்டலம் சுமக்கும் சிறுவன்’ பகுதியில் வரும் சிறுவனின் வாழ்வில், எந்தெந்த நிலைகளில் யார் யார் தலையிட்டிருந்தால் மாற்றம் நிகழ்ந்திருக்கும் எனக் குழுவாகக் கலந்துரையாடி வரிசைப்படுத்துக.

2. ‘நண்பனின் தவற்றை மறைப்பது நட்பாகுமா?’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.

3. திருக்குறளில் தீ நட்பு, கூடா நட்பு, கள்ளுண்ணாமை ஆகிய அதிகாரங்களைப் படித்து, இப்பாடக் கருத்துகளோடு ஒப்பிட்டு ஒரு பக்க அளவில் எழுதுக.

4. உங்கள் பகுதியில் மாலை நேரத்தில் இளையோர் கூடுவதற்கு உள்ள விளையாட்டுத்திடல், நூலகம், கலைப்பயிற்சி இடம் ஆகியவற்றைக் கண்டறிந்து, அவற்றின் நிலை குறித்து உள்ளாட்சி அமைப்பிற்கு ஒரு விண்ணப்பம் வரைக.